கொடுத்தவரா, கொட்டியவரா?

கொடுபிதோன் என்ற சொல்லை நேயர்களில் பலர் இன்றுதான் முதன் முதலாகக் காண்பார்கள். அச்சுக் கோத்தவர் செய்த பிழை என்று எண்ணி அவர்மீது கோபம் கொள்ள வேண்டாம். மதுரைக்கு வடகிழக்கே, மாங்குளத்தை ஒட்டி நிற்கும் ஓவாமலையில், சமண முனிவர் தங்கியிருந்த குகையொன்றில் சுமார் 2,200 வருஷங்களுக்கு முன் உளிகொண்டு வெட்டிய சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

"பார்த்தாலே தெரிகிறதே! கொடுப்பித்தோன், அதாவது கொடுக்கச் செய்தவன். இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறிஞர் சிலரும் அவ்வாறே பொருள் கொண்டனர். ஆயினும் அவ்வெழுத்துகளின் முன் சற்று நின்று பார்த்தால் இன்னொரு சொல்லும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. கொட்டுப்பித்தோன், அதாவது கொட்டச் செய்தவன். இங்கே கொட்டுதலாவது கல்லை வெட்டிச் செதுக்குதல். ஓர் ஒற்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, அந்த மலையில் பெயர் பொறித்துக்கொண்டவர் தானம் அளித்தவர் ஆவார். அல்லது பாறையைக் குடைவித்தவர் ஆவார்.

இதை இப்போது எடுத்துப் பேசக் காரணம், அருப்புக்கோட்டையிலிருந்து நேயர் ஒருவர் எழுதிய கடிதம். "லிடியா என்ற பழைய தேசத்தின் பாஷையில் ஏதோ ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் காண மேனாட்டுப் பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். செத்துப் போன பாஷையின் வினைச்சொல் யாருக்கு வேண்டும்? அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று அவர் கேட்டிருக்கிறார். கோபத்தில் எழுதினாலும் நல்ல கேள்வியை எழுதியிருக்கிறார். லிடியர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் மலைக்குத் திரும்புவோம்.

இன்றைய துருக்கி தேசத்தின் மேற்குப் பகுதியே பழைய லிடியா. தலைநகர் ஸார்டிஸ். உலகத்தின் மிகப் பழைய நாணயங்கள், பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தில், கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அங்கேதான் அடிக்கப்பட்டன. செல்வத்துக்குப் பெயர்போன குரோசஸ் அவ்வூர் அரசன், கி.மு. 546 வாக்கில் பாரசீகச் சைரஸிடம் தோற்று ராஜ்யத்தை இழந்தான். அந்த ஸார்டிஸை 1910 முதல் 1914 வரை அமெரிக்கரான ஹோவர்ட் கிராஸ்பி பட்லர் அகழ்ந்தபோது பல கல்வெட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று லிடியத்திலும் அராமியத்திலும் ஒரே செய்தியைச் சொல்லுகிறது. அது ஒரு கல்லறைச் சாசனம். எனோ லிட்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1916-ல் அதை வெளியிட்டார். இந்தக் கல்லறைக்கு எவன் தீங்கு செய்கிறானோ அவனைத் தெய்வம் தண்டிக்கட்டும் என்பது அதன் சாரம். நம் கோயில் சாசனங்களில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதுவார்களே, அந்த ஜாதியைச் சேர்ந்தது.

அராமியம் தெரிந்த பாஷையாதலால், பக்கத்தில் நின்ற லிடியச் சொல்லுக்குச் "சேதம் செய்கிறான்" என்று பொருள் கண்டார்கள். அராமியத் துணை இல்லாத இடங்களில் என்ன செய்வது? ஒரு வினைச்சொல் எந்தெந்தக் கல்லில் வருகிறது, முன்னால் நிற்பது ஆளா பொருளா, ஈற்றில் என்ன விகுதி, ஹிட்டைட்டு முதலிய உறவு மொழிகளில் அதைப் போன்ற சொல் உண்டா என்று தடவித் தடவித்தான் போக வேண்டும். ரோபர்ட்டோ குஸ்மானி என்ற இத்தாலியர் 1964-ல் லிடிய மொழிக்கு ஓர் அகராதியே வெளியிட்டார். அப்படியும் பொருள் விளங்காத வினைகள் மிஞ்சி நிற்கின்றன. காரணம் வேறொன்றுமில்லை, கேட்பதற்கு ஆள் இல்லை. லிடியா தேசத்திலேயே லிடிய மொழியின் சுவடு இல்லை என்று, ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் பூகோள ஆசிரியர் ஸ்டிராபோ எழுதி வைத்திருக்கிறார். அந்த மொழியில் ஒரு கொத்தன் இல்லை, ஒரு தச்சன் இல்லை, வாசற்படியில் உட்கார்ந்து பழங்கதை சொல்ல ஒரு பாட்டி இல்லை.

நம் ஓவாமலைக்கு வருவோம்.

மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் ஸுவெல் கண்டார். கண்டாரே அன்றி, அவை சொல்லும் செய்தி வெளிப்படப் பல்லாண்டுகள் ஆயின. எழுத்தோ அசோகர் காலத்துப் பிராமியைப் போல இருந்தது. அப்படியே வாசித்தால் எந்தப் பாஷையிலும் பொருள் ஓடவில்லை. எச். கிருஷ்ண சாஸ்திரியார் 1919-ல் புனாவில் கூடிய முதலாவது கீழ்நாட்டுக் கலை மகாநாட்டில் தென்னாட்டுக் குகைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினார். 1924-ல் சென்னையில் கூடிய மூன்றாவது மகாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றில் ழகர, றகர, னகர எழுத்துகள் தனியே இருப்பதை எடுத்துக் காட்டி, இது தமிழ்தான் என்று நிலைநாட்டினார். ஒரு நாட்டின் மிகப் பழைய எழுத்து அந்த நாட்டின் மொழியிலேயே இருக்கிறது என்பதை நிரூபிக்க ஒரு மகாநாடு வேண்டியிருந்தது! பின்னர் 1960-களில் ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் இருந்துகொண்டே மலை மலையாக ஏறிப் படியெடுத்து, மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் பெயர் நிற்பதை வாசித்துக் காட்டினார். அவருடைய பெரிய நூல் 2003-ல் வெளிவந்தது. 2018-ல் அவர் காலமானார்.

அந்த எழுத்தில் உள்ள சங்கடங்களை மட்டும் நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். அக்காலத்தில் புள்ளி இட்டு எழுதவில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்று போலவே எழுதப்பட்டன. எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒற்று இரட்டிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்தை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளி என்று நாம் எழுதுவது அங்கே பளி என்று இருக்கிறது. நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், நிகமதோர் ஆகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இப்படி எழுதினால் சிவப்பு மசியால் சுழிப்போம். கல்லில் எழுதியவனை யார் சுழிப்பது?

இப்போது கொடுபிதோனுக்கு வருவோம். அச்சொல்லின் பின்பாதியான பிதோன் என்பதைப் பித்தோன் என்றே எல்லோரும் வாசிக்கிறார்கள். அங்கே எழுதாமல் விட்ட தகர ஒற்றை நாமே போட்டுக்கொள்கிறோம். பின்பாதியில் ஒற்றைப் போட்டுக்கொள்ள உரிமை உண்டானால் முன்பாதியில் மட்டும் ஏன் இல்லை? கொடு என்று இருப்பதைக் கொட்டு என்று வாசிக்க எழுத்து இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்கிறது என்பதனால் அதுவே சரி ஆகிவிடாது. சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி அதே மலையில் இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயர் வரும் சாசனத்தில் அவனுடைய பணியாளன் கடலன் வழுதி என்பவன் கணி நந்தஸிரி குவன் என்ற முனிவருக்குப் பள்ளி அமைத்ததைச் சொல்லுமிடத்தில், டகரம் இரட்டித்துக் கொட்டுபித்த என்றே தெளிவாக வெட்டியிருக்கிறது. மகாதேவன் இதற்குக் குடைவித்த, செதுக்குவித்த என்ற பொருளையே கொண்டார். இதைவிட ருசியான செய்தி ஒன்று அதே சாசனத்தில் உண்டு. தர்மத்தைக் "கொடுத்தது" பற்றிச் சொல்ல அங்கே வேறொரு வினை இருக்கிறது. அது ஈ என்னும் வினை. ஈந்த என்று நாம் சொல்வதன் பழைய உருவம். சம்பையில் 1981-ல் கிடைத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் சாசனமும் குகையைத் தந்ததற்கு அதே ஈ என்ற வினையைத்தான் ஆள்கிறது. ஆகவே அக்காலத்தார் தானத்தைக் குறிக்க ஈதல் என்ற சொல்லைக் கைவசம் வைத்திருந்தார்கள். ஒரே சாசனத்தில், தர்மத்துக்கு ஒரு வினையும் பள்ளிக்கு வேறொரு வினையும் வருமானால், இரண்டும் இரண்டு காரியங்களைச் சொல்ல வந்தவை என்று கொள்வதே இயல்பு.

(ஈ, தா, கொடு என்ற மூன்றுக்கும் தொல்காப்பியர் வகுத்த வேற்றுமை நேயர்களுக்கு நினைவிருக்கும். தாழ்ந்தவன் கேட்பது ஈ; ஒத்தவன் கேட்பது தா; உயர்ந்தவன் கேட்பது கொடு. வகுப்பில் இதைச் சொன்னதும் பையன்கள் பேனா கடன் வாங்குவதற்கு இம்மூன்றையும் பிரயோகித்துப் பார்க்கிறார்கள். கொடு என்பவனுக்கே முதலில் கிடைக்கிறது என்பது எங்கள் அனுபவம்.)

இரண்டாம் சாட்சி இலக்கணம். வெள்ளறை வணிகக் குழுவினரைப் பற்றிய இன்னொரு மாங்குளச் சாசனம் கொடிஓர் என்ற சொல்லில் முடிகிறது. கொடு என்பதன் இறந்தகாலம் கொடுத்து; பெயராக்கினால் கொடுத்தோர். அது எந்த வழியிலும் கொடியோர் ஆகாது. ஆனால் கொட்டு என்பதன் இறந்தகாலம் கொட்டி, பெயராக்கினால் கொட்டியோர். ஓர் ஒற்றை எழுதாமல் விட்டால் கல்லில் இருக்கும் உருவம் அப்படியே வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு வினைத்திரிபு சொல்லிக் கொடுத்துப் பழகிய நமக்கு, இவ்வளவு சாட்சிகளிலும் இதுவே பலமாகத் தோன்றுகிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. பிற்காலத் தமிழில் கொடு என்பது பிறவினையாகும்போது கொடுப்பி என்று பகரம் பெறும். கொட்டு என்பதோ கொட்டுவி என்று வகரம் பெறும். கல்லில் இருப்பது பகரம். ஆதலால் அது கொடுவே என்பது அவர்கள் வாதம். நல்ல வாதந்தான். நாம் செய்வித்த என்று எழுதுவதைக் குகைக் கல்வெட்டில் செய்பித என்று காண்கிறோம் என்பதும், மாங்குளத்திலேயே இரட்டித்த டகரத்துக்குப் பின்னால் பகரம் நிற்கிறது என்பதும் அதற்குப் பதில். வகரமும் பகரமும் பின்னாளில் பங்கு பிரித்துக்கொண்ட நிலத்தை அந்நாளில் பகரமே உழுதிருக்கிறது.

ஆகவே நாம் கொட்டு கட்சி. எல்லா இடத்துக்கும் ஒரே பொருள் என்று அடம் பிடிக்கவும் நாம் தயாரில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மருகால்தலையில் காசிபன் ஒருவன் கல் கஞ்சணம், அதாவது கற்படுக்கை, அமைத்ததைச் சொல்லும் சாசனத்திலும் கொடுபித என்றே இருக்கிறது. கற்படுக்கையைக் கொடுக்கவும் செய்யலாம், கொட்டவும் செய்யலாம். ஆயினும் படுக்கை என்பது பாறையிலேயே வழவழப்பாக இழைத்து, தலைப் பக்கம் சிறிது உயர்த்தி வெட்டியது. பெயர்த்தெடுத்து ஒருவர் கையில் கொடுக்கும் வஸ்து அன்று. குகையின் மேல் விளிம்பில் மழைத் தண்ணீர் உள்ளே வடியாதபடி ஒரு காடியும் வெட்டியிருப்பார்கள். இத்தனையும் உளி வேலை.

இந்த இடத்தில்தான் நம் நரிக்குடிப் பக்கம் பேச்சுக்கு உதவுகிறது. கிருதுமால் நதியில் தண்ணீர் வந்தால் கண்மாய் நிறையும், வராவிட்டால் வானத்தைப் பார்ப்போம் என்ற பூமி இது. பெரிய சாசனங்களைத் தேடி வருவோருக்கு நரிக்குடியில் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் லிடியருக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. அதே சொற்களை வாயில் வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பில் ஒரு நாள், கொட்டு என்ற சொல்லை எங்கெங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டோம். மேளம் கொட்டுதல், குப்பை கொட்டுதல், மழை கொட்டுதல், கும்மி கொட்டுதல் என்று வரிசையாக வந்தன. "தேள் கொட்டும் ஐயா, பாம்பு கொத்தும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் அறியாமலே அகராதிக்காரர் வேலையைச் செய்துவிட்டான். கொட்டும் கொத்தும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கூரிய முனை ஒன்று ஓங்கி இறங்கும் காரியத்தையே இரண்டும் சொல்லுகின்றன. கல்லில் வேலை செய்பவன் கொத்தன்; கோயில் தூணில் இருப்பது கொத்து வேலை. மலையாளத்தாரும் சிற்ப வேலையைக் கொத்துபணி என்றே சொல்லுகிறார்கள்.

கடைசிப் பெஞ்சியில் இருந்த ஒரு பெண், "எங்க ஆத்தா களைக்கொட்டு வைச்சிருக்கு ஐயா" என்றாள். பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் மண்ணைக் கொத்திக் களையெடுக்கும் சின்ன இரும்புக் கருவி அது. களைக்கொத்து என்பவரும் உண்டு. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில், கொட்டு என்பதற்கு மண்வெட்டும் கருவி என்ற பொருள் பதிந்திருக்கிறது. தச்சனுடைய மரச் சுத்தியல் கொட்டாப்புளி; பாத்திரம் அடிப்பவர் கொட்டுக்கன்னார். ஒரு கருவிக்குக் கொட்டு என்று பெயர் இருக்குமானால், அதைக்கொண்டு செய்யும் தொழிலுக்குக் கொட்டுதல் என்ற வினை இருந்தே தீரும். மண்ணைக் கொட்டியவன் கல்லையும் கொட்டினான் என்பதற்கு அதிகத் தூரம் போக வேண்டியதில்லை.

அம்மி கொத்த வரும் கிழவர் ஒருவரையும் விசாரித்தோம். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை தெருவில் அவர் குரல் கேட்கும். இப்போது வீட்டுக்கு வீடு மிக்ஸியும் கிரைண்டரும் வந்துவிட்டபடியால் வருஷத்துக்கு ஒருமுறை வருவதே அபூர்வம். அவர் சொன்னார்: "வாத்தியாரய்யா, கொத்துறது வேற, பொளியறது வேற. அம்மி வழவழத்துப் போனா உளியாலே புள்ளி புள்ளியாப் பொளியணும். மேடு இருந்தா மொதல்ல கொத்தி எறக்கணும். ஆட்டுரலுக்குக் குழி குடையணும். எல்லாத்தையும் வெட்டுறதுன்னு சொல்லிட்டாத் தொழில் தெரியாதவன்னு அர்த்தம்." பொளிதல், கொத்துதல், குடைதல், வெட்டுதல் என்று ஒரே மூச்சில் நான்கு வினைகள் வந்துவிட்டன. புகலூர்ச் சேரர் சாசனத்தில் உள்ள அறுத்தல் என்ற வினையையும் சேர்த்தால் ஐந்து. ஊன்றிப் பாருங்கள்: கல்வெட்டுப் பண்டிதர் ஒருவர் ஒரு வினைக்கு ஒரு பொருளைத் தேடி வருஷக் கணக்கில் உழைக்கிறார், இவரோ கல்லின்மேல் உளி எப்படி விழுகிறது என்பதை வைத்து வினைகளைப் பிரித்துப் போடுகிறார். அந்தப் பிரிவினை நமக்கு வேண்டும். அது அவருடனேயே போய்விட்டால், நம் குகைகளின் வினைச்சொற்களும் லிடிய வினைச்சொற்களின் கதிக்கே வந்து சேரும். மொழி உயிரோடிருக்கும், அதன் தொழிற்சொற்கள் மட்டும் செத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுத்தல் என்று பொருள் கொண்டால் சாசனத்தில் இருவரே இருக்கிறார்கள். கொடுத்த செல்வர் ஒருவர், பெற்ற முனிவர் ஒருவர். கொட்டுதல் என்று பொருள் கொண்டாலோ மூன்றாவது மனிதர் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். கடலன் வழுதி தானே உளி பிடித்திருக்க மாட்டான், கொட்டுவித்தான். இந்தப் "பி" என்ற ஓரெழுத்து, பிறர் கையைக்கொண்டு செய்வித்ததைக் காட்டுவது. வெயிலில் பாறைமேல் உட்கார்ந்து அந்தப் படுக்கைகளையும் மழைக் காடியையும் வெட்டியவருக்குச் சாசனத்தில் பெயரில்லை, ஊரில்லை, கூலி இவ்வளவு என்ற கணக்குமில்லை. 2,200 வருஷமாக அவருக்கு இருக்கும் ஒரே அடையாளம் அந்தப் "பி"தான். அதையும் அவரே வெட்டியிருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டை நேயருக்கு இப்போது கோபம் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கல் வேலை, மண் வேலை வினைகளை எழுதி வருகிறார்கள். யார் சொன்னது, எந்த ஊர், எந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது என்று மூன்று கட்டம். திருச்சுழி, பள்ளிமடம், காரியாபட்டி, கமுதிப் பக்கத்து நேயர்கள், தங்கள் ஊரில் கல்லையோ அம்மியையோ "கொட்டுதல்" என்று, தகர ஒற்றுக்குப் பதில் டகர ஒற்று வைத்து, வயதானவர் எவராவது சொல்லக் கேட்டால் உடனே ஒரு கார்டு எழுதிப் போட வேண்டுகிறோம். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.